மரப்பாலும் தாய்ப்பாலும்

நம் நாட்டுத் தோட்டத் தமிழில் 'பால்' என்னும் சொல்லுக்கு நெடுங்காலம் முதற்பொருளாய் இருந்தது ரப்பர் மரத்தின் பாலே. பால்மரம், பால் வெட்டு, பால் வாளி, பால் கொட்டகை என்று எங்கள் பாட்டன் பாட்டிமாரின் பகற்பொழுது முழுவதும் அந்த வெண்ணிற நீரைச் சுற்றியே சுழன்றது. இன்று கிள்ளான் வட்டாரத்தில் அம்மரங்கள் அரிதாகிவிட்டன. 1917ஆம் ஆண்டில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் வாணிபப் பயிராகத் தொடங்கிய செம்பனை, ரப்பர் நின்ற இடத்தையெல்லாம் மெல்ல மெல்லத் தனதாக்கிக் கொண்டது. ஆயினும் பழஞ்சொல் மறையவில்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'பால்' என்று உரக்கச் சொன்னால் மரப்பாலையே குறிப்பர். மற்றொரு பாலைப் பற்றிப் பேச நேர்ந்தாலோ, குரலைத் தாழ்த்திக் கொள்வர். அவர்கள் குரல் தாழ்த்திய அந்தப் பாலைப் பற்றியே இங்கு உரக்கப் பேச விரும்புகிறேன்.

மரப்பாலைக் காப்பதற்குத் தோட்டத்தார் எத்துணை அறிவைச் செலவிட்டனர் என்பதை எண்ணிப் பாருங்கள். கதிரவன் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறையும். ஆகையால் விடியுமுன்னரே வெட்டுக்குப் போக வேண்டும். கோப்பையில் பழைய பால் ஒட்டியிருந்தால் புதுப்பால் கெடும். ஆகையால் கோப்பையும் வாளியும் துடைத்துத் தூய்மையாய் இருக்க வேண்டும். சில மணி நேரத்திற்குள் பால் தானே உறைந்துவிடும். ஆகையால் உறையாதிருக்க அம்மோனியா சேர்க்க வேண்டும். கொட்டகைக்கு வந்த பாலை நிறுத்து, அதன் கெட்டித்தன்மையைச் சோதித்து, பேரேட்டில் பெயருக்கு நேரே பதிய வேண்டும். ஒரு துளி சிந்தினாலும் தண்டல் கேட்பார், கிராணி கேட்பார், துரை கேட்பார். எடுத்தல், கலம், காலம், காப்பு, கணக்கு ஆகிய ஐந்திலும் தோட்டத்து ஒழுங்குமுறை தவறியதில்லை.

அதே தோட்டத்தில், அதே விடியற்காலையில், மற்றொரு பால் இருந்தது. மரத்தின் பால் விடியலில் மிகுதியாக ஓடும் என்பதனாலேயே, பிள்ளை விழிக்குமுன் தாய் பெரட்டுக்குப் போனாள். பிள்ளை ஆயாக் கொட்டகையில் துணித்தூளியில் கிடந்தது. நண்பகல் வரையிலும், சில நாள் அதற்குப் பின்னும், அவள் வீடு திரும்ப இயலாது. இடையில் மார்பு கட்டிக் கல்லாகும்; இரவிக்கை நனையும்; வலி தாளாமல் மரத்தடியில் குந்தி மண்ணிலே பீய்ச்சிவிட்டு மீண்டும் கத்தியைக் கையிலெடுப்பாள். அவ்வேளையில் கொட்டகையில் அவள் பிள்ளைக்குக் கிடைத்தது டப்பாப் பாலும் வெந்நீரும். என் பாட்டி இவ்வாறு நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவர்களுள் இருவர் நிலைக்கவில்லை. "மரத்துப் பாலுக்குக் கணக்கு எழுத ஒரு கிராணி இருந்தார், ஆத்தா. மண்ணிலே போன பாலுக்கு எவன் கணக்கு எழுதினான்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். அவர் பேத்தியாகிய நான் இன்று ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை பார்க்கிறேன். ஆகையால் அக்கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை.

பாட்டி கேட்ட கேள்வியை அக்காலத்திலேயே பொது மேடையில் எழுப்பிய மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார். மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவில் 1893ஆம் ஆண்டில் பிறந்தவர்; ஆப்பிரிக்கக் கோல்டு கோஸ்டில் பணியாற்றியபோது, தாய்ப்பால் மறந்த குழந்தைகளை வாட்டும் புரதக் குறைநோயை 1930களில் உலகிற்கு விளக்கியவர். அதன்பின் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூரில் பணி செய்தார். இனிப்பிட்ட டப்பாப் பாலைக் குழந்தை உணவென்று விளம்பரம் செய்து, தாதிப்பெண்களைப் போல் உடையுடுத்திய விற்பனைப் பெண்களை வீடுவீடாக அனுப்புவதை அங்கே அவர் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரிச் சங்கத்தில் வணிகப் பெருமக்கள் முன்னிலையில் அவர் ஆற்றிய உரைக்கு இட்ட தலைப்பு 'பாலும் கொலையும்'. தவறான விளம்பரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். வணிகர் கூடிய மன்றத்தில் இதனைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

அவர் அவ்வாறு சினந்ததற்குக் காரணம் உண்டு. இனிப்பிட்ட டப்பாப் பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரை. கொழுப்பெடுத்த பாலாயின் அதில் கண்ணுக்கு உயிர்ச்சத்தாகிய வைட்டமின் ஏ இராது. விலை கட்டாது என்று ஏழைத்தாய் அதனை மேலும் நீர்க்கச் செய்வாள். அந்த நீரோ ஆற்று நீர். கரைக்கும் குவளையோ ஈ மொய்க்கும் குவளை. குழந்தை கொழுத்திருப்பது போல் தோன்றும். ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் இரண்டு நாளில் அடங்கிவிடும். பின்னர் ஜப்பானியர் ஆட்சியில் அவ்வம்மையார் சாங்கிச் சிறை முகாமில் அடைபட்டார். அங்கே இருபது குழந்தைகள் பிறந்தன. இருபதும் தாய்ப்பால் உண்டன. இருபதும் பிழைத்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். டப்பாவும் அற்று, பசியும் நோயும் சூழ்ந்த சிறையில் பிழைத்த குழந்தைகள், டப்பா மலிந்த ஊரில் மாண்டன என்றால், அதற்கு மேல் வேறு சான்று எதற்கு?

"இவையெல்லாம் பழங்கதை, இன்று சட்டம் இருக்கிறது" என்று சிலர் கூறுவர். சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தந்த பேறுகால விடுப்பு 60 நாளாய் இருந்தது. 2023 ஜனவரி முதல் நாள் தொட்டு அது 98 நாளாயிற்று. இது பெரிய நன்மையே. ஆயினும் குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும், வேறெதுவும் வேண்டா என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறு மாதம் என்பது ஏறத்தாழ 180 நாள். 98 நாளைக் கழித்தால் மிச்சம் 82 நாள். அந்த 82 நாளும் குழந்தை என்ன குடிக்கும்? பேற்றுக்கு முன்னரே விடுப்பில் சில நாளைச் செலவிட்ட தாய்க்கு இவ்விடைவெளி இன்னும் நீளும். பணிநேரத்தில் பாலூட்டவோ பீய்ச்சவோ ஓர் இடைவேளை தர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டும் உண்டவை நூற்றுக்கு 47 என்று தெரியவந்தது. எஞ்சிய பாதியின் தாய்மார்கள் அன்பில் குறைந்தவர்களா? அவர்களுள் எத்தனையோ பேர் வேலைக்குத் திரும்பியவர்கள்.

அந்த 82 நாளைக் கடக்கும் பாலம் ஒன்று உண்டு. அது பாலைப் பீய்ச்சிச் சேமித்து வைத்தல். நான் பேறுகால விடுப்பில் இருந்தபோது இதைப் பற்றிய துண்டறிக்கைகள் பலவற்றைப் படித்தேன். அனைத்தும் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. படித்தது விளங்கிற்று, ஆனால் அதனைத் தோட்டத்துப் பெண்களிடம் எடுத்துரைக்கச் சொல் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆங்கிலம் எனக்குத் தந்த சொல் அவர்களுக்கு ஆகாது. அகராதி தந்த சொல் எனக்கே வாயில் நுழையவில்லை. பாட்டியிடம் போனேன். "பீய்ச்சுறதுன்னு சொல்லேன், இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை?" என்றார். மாட்டுக்குச் சொல்லும் சொல்லைத் தாய்க்குச் சொல்வதா என்று நாகரிகம் படைத்தோர் முகஞ்சுளிக்கக் கூடும். சொல்லில் இழிவில்லை, வேலை விளங்க வேண்டும். ஆகவே அச்சொல்லையே கையாள்கிறேன்.

முறை எளிது. கருவி கட்டாயமில்லை. பால் இறைக்கும் பொறிக்கு அமெரிக்காவில் 1854ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றனர். இன்று கையால் இயக்குவதும் மின்சாரத்தால் இயங்குவதும் கடைகளில் கிடைக்கின்றன. அவை வசதியே. ஆயினும் கை போதும். முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். மார்பை மெல்ல வருடிவிட்டு, கட்டைவிரல் மேலும் சுட்டுவிரல் கீழுமாக, காம்பிலிருந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் பின்னே வைக்க வேண்டும். நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களைக் குவித்து, விட வேண்டும். தோலின்மேல் விரலை வழுக்கவிடக் கூடாது. காம்பைக் கிள்ளவும் கூடாது. முதலில் துளித்துளியாக வரும்; பின்னர் பீறிட்டு வரும். விரல்களைச் சுற்றிலும் மாற்றி மாற்றி வைத்தால் எல்லாப் பக்கமும் இறங்கும். இறைக்கிற கிணறே ஊறும் என்பது இங்கும் மெய். மார்பில் பால் தங்கினால் சுரப்பு குறையும். வெளியேறினால் மீண்டும் ஊறும். ஆகையால் வேலையிடத்தில் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறையேனும் பீய்ச்சாத தாய்க்கு, "எனக்குப் பால் வற்றிவிட்டது" என்று சொல்லும் நாள் விரைவில் வந்துவிடும். பால் தானாக வற்றியதன்று. நேரமும் இடமும் மறுக்கப்பட்டதால் வற்றியது.

சேமிப்பதற்குக் கலம் வேண்டும். மூடியுள்ள கண்ணாடிப் புட்டியோ, உணவுக்குரிய கெட்டிப் பிளாஸ்டிக் புட்டியோ ஆகலாம். நன்றாகக் கழுவிக் கொதிநீரில் இட்டு எடுக்க வேண்டும். ஒரு கலத்தில் ஒரு வேளைக்குரிய 60 முதல் 120 மில்லிலிட்டர் வரை நிரப்பினால் வீணாகாது. கலத்தின் மேல் நாளும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். பழையதை முதலில் எடுக்க வேண்டும். 25 பாகை வெப்பம் வரையுள்ள அறையில் புதுப்பால் 4 மணி நேரம் தாங்கும். நம் நாட்டு நண்பகலோ 30 பாகையைத் தாண்டும். ஆகையால் அவ்வளவு நேரம் வெளியில் விடாமல் உடனே குளிரில் வைப்பதே அறிவுடைமை. பனிக்கட்டிப் பொதிகள் இட்ட பெட்டியில் ஒரு நாள் வரை வைக்கலாம். குளிர்ப்பெட்டியில் 4 நாள் வைக்கலாம், ஆனால் கதவுத் தட்டில் வைக்கக் கூடாது, திறக்குந்தோறும் சூடேறும். உட்புறத்தின் கடைசியில் வைக்க வேண்டும். உறையவைத்தால் 6 மாதம் வரை நன்றாயிருக்கும். உறைந்ததை இளக்கியபின் 24 மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும், மறுபடி உறையவைக்கலாகாது. அடுப்பிலோ மின்னலைப் பெட்டியிலோ சுடவைக்கக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்தில் புட்டியை நிறுத்தினால் போதும். பிள்ளை குடித்து வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்திருக்கலாகாது. மேலே ஆடை பிரிந்து நின்றால் கெட்டதென்று கொட்டிவிடாதீர். மெல்ல அசைத்தால் கலந்துவிடும்.

இனி, ஊட்டுவது எப்படி? இங்கே நம் முன்னோரைப் பாராட்ட வேண்டும். என் பாட்டியின் தகரப் பெட்டியில் வாயொடுங்கிய சிறு பித்தளைச் சங்கு ஒன்று இருந்தது. தமிழகத்தில் இதனைப் பாலாடை என்றும் சங்கடை என்றும் கூறுவர். ரப்பர்க் காம்புப் புட்டி நாகரிகம் என்றெண்ணி நாம் சங்கைப் பரணில் போட்டோம். இன்று இந்திய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாயிடம் பீய்ச்சிய பாலை இப்பாலாடையால் ஊட்டுகின்றனர். கழுவுவது எளிது, மூலை முடுக்கு இல்லை, குழந்தை மார்பை மறந்து காம்புக்குப் பழகிவிடும் என்ற கவலையும் குறைவு.

முன்னோர் செய்தது ஒவ்வொன்றும் நன்றென்று இதனால் கொள்ளலாகாது. பேற்றுக்குப் பின் முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று கொட்டிய வழக்கம் எத்தனை குழந்தைகளின் முதல் அரணைப் பறித்தது! நோயை எதிர்க்கும் பொருள்கள் அதிலேதான் செறிந்துள்ளன. வெயிலில் வேலை செய்து வந்தவள் பால் சூட்டுப்பால், அதனைக் கொடுக்கலாகாது என்பதும் பொய். பால் உடலின் வெப்பத்தில்தான் இருக்கும். அயலார் கண் பட்டால் பால் வற்றும் என்பதும் பொய். குளிர்ப்பெட்டியில் வைத்த பால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று என் மாமியார் அஞ்சினார். சளி கிருமியால் வருவதேயன்றிக் குளிரால் வருவதன்று என்று சொல்லி, வெதுவெதுப்பாக்கிய பாலைத் தம் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்க்கச் செய்தேன். அதன்பின் ஊட்டும் வேலையை அவரே ஏற்றார். மற்றொன்றும் சொல்ல வேண்டும். பால் வற்ற வேண்டிய தாய்மார் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் நாட்டு வழக்கம். இதனை வேலூர் மருத்துவர்கள் மருந்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவுக்கும் பயனுண்டு என்று 1988ஆம் ஆண்டில் எழுதினர். பழமை என்பதற்காகத் தள்ளவும் வேண்டா. பழமை என்பதற்காகக் கொள்ளவும் வேண்டா. சோதித்துப் பார்ப்பதே பகுத்தறிவு.

மூடநம்பிக்கை பாட்டிமாரிடம் மட்டும் குடியிருப்பதன்று. அது ஆபீசிலும் குளிர்காற்றுப் பொறியின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. நான் பணிபுரியும் தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. விடுப்பு முடிந்து திரும்பியபோது, பீய்ச்சுவதற்கு எனக்குக் காட்டப்பட்ட இடம் கழிப்பறை. எந்த மனிதரின் உணவையாவது கழிப்பறையில் தயாரிக்கச் சொல்வோமா? பின்னர் பழைய பேரேடுகள் அடுக்கிய அறையின் சாவி கிடைத்தது. புட்டியை ஆபீஸ் குளிர்ப்பெட்டியில் வைத்த மறுநாள், அங்கே தேநீருக்குப் பால் வைக்கும் ஒருவர் அதனை வெளியே எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். "சாப்பிடும் பொருள் வைக்கிற இடமாயிற்றே, அம்மா. இது... அசுத்தமில்லையா?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். என் தந்தை வயதினர். "ஐயா, பசுவின் மடியிலிருந்து வந்ததை நீங்கள் தேநீரில் ஊற்றுகிறீர்கள். உங்கள் தாயின் மார்பிலிருந்து வந்ததை உண்டுதான் நீங்களும் வளர்ந்தீர்கள். இவ்விரண்டில் எது தீட்டு?" என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை. புட்டி அதன்பின் வெளியே வரவில்லை. ஆனால் வெயிலில் நின்ற அன்றைய பாலைக் கொட்ட வேண்டியதாயிற்று. பசுவைத் தாயென்று கும்பிடும் ஒரு சமூகத்தில் தாயின் பால் தீட்டாயிற்றெனில், அந்தத் தூய்மைக் கணக்கில் எங்கோ பெரும்பிழை இருக்கிறது.

எனக்கேனும் ஒரு சாவி கிடைத்தது. செம்பனைக் காட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சாவியும் இல்லை, அறையும் இல்லை, குழாயும் இல்லை. களைக்கொல்லி தெளிக்கும் கூட்டத்தில் நம்மவள் ஒருத்தி. மூன்று மாதப் பிள்ளையை வீட்டில் விட்டு வந்தவள். ஒரு நாள் வேலைச்சீட்டு எழுத நான் காட்டோரம் சென்றிருந்தபோது, பனைக்குப் பின்னே அவள் மண்ணில் பீய்ச்சிக் கொண்டிருந்ததைக் கண்டேன். பாட்டி சொன்ன காட்சி ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னும் அப்படியே இருந்தது. "அக்கா, ஆபீசிலே சொல்லிடாதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். பாலூட்டுகிறாள் என்று தெரிந்தால் தெளிப்பு வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள்; தெளிப்புக்குரிய படி போய்விடும் என்றாள்.

பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, நன்று. ஆயினும் பாலூட்டும் பெண் எந்தப் பூச்சிமருந்தையும் தொடலாகாது. கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பு 2018ஆம் ஆண்டில் வகுத்த விதிகளில், கருவுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் பெண்ணுக்கும் மருந்து தெளிக்கும் வேலை தரலாகாது என்றும், அதற்கு ஈடான மாற்று வேலை தர வேண்டும் என்றும் உள்ளது. புதிதாய்ப் பெற்ற தாய்மாரைக் கலந்து அவர்தம் தேவைகளை அறிந்து ஆவன செய்ய வேண்டும் என்றும் உள்ளது. விதி நல்ல விதியே. 'ஈடான' என்ற சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. வேலை ஈடாகிக் கூலி ஈடாகாவிட்டால், தாய் தன் மார்பை மறைத்துக்கொண்டு மருந்துக் குடத்தைத் தூக்குவாள். அவளைக் காக்க வந்த விதியே அவளைப் பொய் சொல்ல வைக்கும்.

ஆகவே மகளிர் குழுக் கூட்டத்தில் அவள் பெயரைச் சொல்லாமல் ஐந்து கோரிக்கைகளை எழுதி வைத்தேன். தாழிடக் கூடிய ஓர் அறை; அதில் குழாயும் சோப்பும்; ஒரு சிறு குளிர்ப்பெட்டி; நாளொன்றுக்கு இருமுறை அரை மணி நேரம், கூலிப் பிடித்தமின்றி. ஐந்தாவதாக, தெளிப்பிலிருந்து விலகும் தாய்க்குப் படி குறையாத வேலை. இவற்றுள் குளிர்ப்பெட்டியும் அறையும் வந்துவிட்டன. ஆயாக் கொட்டகையின் ஒரு மூலையைத் தடுத்துக் கதவு வைத்தார்கள். காலையில் அரை மணி நேரம் கிடைத்தது. பிற்பகல் அரை மணி இன்னும் பேச்சளவில் இருக்கிறது. படியைப் பற்றி மேலிடத்திற்கு எழுதியிருப்பதாகத் துரை சொல்கிறார். அப்பெண் இப்போது நாற்றுமேடையில் வேலை செய்கிறாள். கூலி சற்றுக் குறைவு. பால்மாவு டப்பா வாங்குவதில்லை என்பதால் வீட்டுக் கணக்கு ஓரளவு நேராகிறது என்கிறாள். இது வெற்றியன்று, பாதி வழி.

அந்தப் பாதி வழி எத்துணைச் சிறிய கோரிக்கை என்பதை உலகம் அறியும். பாலூட்டும் பெண்ணுக்கு வேலைநேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரை மணி நேரம் என்பது 1919ஆம் ஆண்டில் வாஷிங்டனில் கூடிய முதல் அனைத்துலகத் தொழில் மாநாட்டின் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்ட அறைகள் திறந்தனர். மும்பையின் சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையாரின் முயற்சியால் 1989ஆம் ஆண்டில் தாய்ப்பால் வங்கி தொடங்கிற்று; அங்கே பிற தாய்மார் தந்த பாலை 62.5 பாகையில் 30 நிமிடம் காய்ச்சிக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றனர். நம் நாட்டில் பெரும்பான்மையோரின் சமயத்தில், ஒருத்தியிடம் பாலுண்ட பிள்ளைகள் உடன்பிறப்பாவர் என்னும் நெறி உண்டு. ஆகையால் பெயரறியாப் பாலைச் சேர்க்கும் வங்கி இங்கு எளிதன்று. அந்நெறியை மதிப்போம். அதனாலேயே ஒவ்வொரு தாயும் தன் பாலைத் தன் பிள்ளைக்குத் தானே சேமிக்கும் வசதி இங்கு இருமடங்கு வேண்டியதாகிறது. உலகத் தாய்ப்பால் வாரம் 1992ஆம் ஆண்டு முதல் ஆகஸ்டு முதல் வாரத்தில் கொண்டாடப்படுகிறது. அதனை நடத்தும் கூட்டமைப்பின் தலைமையகம் பினாங்கிலே உள்ளது. உலகிற்கு விளக்கேற்றும் நாடு தன் தோட்டத்து மூலையை இருளில் விடலாமா?

நகரத்து வாசகர்கள் இது தோட்டத்துச் செய்தி என்று புறந்தள்ள வேண்டா. கிள்ளானில் விடியலில் மின்ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசுகளுக்குச் செல்லும் நம் பெண்களின் தோளில் உணவுப் பையோடு ஒரு கறுப்புப் பையும் தொங்குவதைக் காணலாம். அதனுள் பனிக்கட்டிப் பொதியும் புட்டிகளும் இருக்கும். மாலை ரயில் தாமதமானால் மற்றவர் கடிகாரத்தைப் பார்ப்பர்; அவள் அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பாள். அங்காடி மாளிகைகளில் குழந்தை அறை கட்டியிருக்கிறார்கள். பொருள் வாங்க வரும் தாய்க்குக் கதவுள்ள அறை கிடைக்கிறது. அதே மாளிகையில் தரை துடைக்கும் தாய் அவ்வறையில் அரை மணி உட்கார முடிகிறதா என்று, அடுத்த முறை அங்குச் செல்லும்போது கேட்டுப் பாருங்கள்.

ஆண்மக்களுக்கு ஒரு சொல். பீய்ச்சுவது தாயால் மட்டுமே ஆகும். மற்றவை எல்லாம் உங்களால் ஆகும். புட்டி கழுவுவது, கொதிநீரில் இடுவது, நாள் எழுதி ஒட்டுவது, நள்ளிரவில் சங்கில் ஊட்டுவது ஆகியவற்றிற்கு மார்பு வேண்டா, மனம் போதும். என் கணவர் எங்கள் குளிர்ப்பெட்டிக்கு ஒரு பேரேடே வைத்திருந்தார். எத்தனை மில்லிலிட்டர் வந்தது, எந்த நாள் வந்தது, எது போயிற்று என்று வரி பிசகாமல் எழுதினார். அதனைப் பாட்டியிடம் காட்டினேன். எழுத்தறியாத அவர் அந்த ஏட்டை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

1941ஆம் ஆண்டில் இக்கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கூலியை மட்டும் கேட்கவில்லை. துரைக்கு முன் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமையைக் கேட்டனர். பெண்களின் மானத்திற்குக் காப்புக் கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். மனிதராய் வாழ வேண்டும் என்பதே அக்கோரிக்கைகளின் உட்பொருள். அவ்வரிசையில் இன்று ஒன்றைச் சேர்ப்போம். சங்கக் கூட்டத்திலும், ஆலயக் குழுவிலும், பெற்றோர் மன்றத்திலும் இதனை நாணமின்றி எடுத்துப் பேசுவோம். ஓர் அறை, ஒரு குழாய், ஒரு குளிர்ப்பெட்டி, ஒரு மணி நேரம். மரப்பாலுக்கு வேண்டியதையெல்லாம் மறு பேச்சின்றிக் கொடுத்த தோட்டங்கள் இவற்றை நம் பிள்ளைகளின் பாலுக்கும் கொடுக்க முடியும். கேட்பது நம் பொறுப்பு.